அயல்நாட்டுப் படிப்பின் செலவை ஏற்றோர் யார்? மலேசிய அனுபவம் குறித்த ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

அயல்நாடு சென்று பட்டம் பெற்ற மலேசியத் தமிழர்களைப் பற்றி நம் விழா மலர்களிலும் நினைவு நூல்களிலும் குறிப்புகள் பல உள்ளன. யார், எங்கே, எத்துறையில் பயின்றார் என்பவற்றை அவை சொல்கின்றன. பணம் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்வதில்லை. உபகாரச் சம்பளம் பெறாதவர்கள் அனைவரும் ‘சொந்தச் செலவில் படித்தோர்’ என ஒரே தொடருக்குள் அடக்கப்படுகின்றனர். அச்செலவை உண்மையில் ஏற்றவர் யார், அவர் காலந்தோறும் எவ்வாறு மாறினார் என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

குடியேற்றக் கால உதவி

மலாயாவில் அயல்நாட்டுப் படிப்புக்கான முறையான நிதியுதவி 1885இல் தொடங்குகிறது. நீரிணைக் குடியேற்ற அரசு அவ்வாண்டில் ஏற்படுத்திய உதவித்தொகை, பின்னர் அரசியார் உபகாரச் சம்பளம் எனப் பெயர் பெற்றது. 1887இல் இதனைப் பெற்ற லிம் பூன் கெங், இவ்வுதவியைப் பெற்ற முதல் சீன மாணவராவார். ஆண்டுக்கு ஓரிருவருக்கே கிட்டிய இவ்வுதவி, ஆங்கிலப் பள்ளியில் பயின்று தேர்வில் முதன்மை பெற்றோருக்கு உரியதாக இருந்தது.

தோட்டப் பாட்டாளியின் பிள்ளைக்கு இவ்வாயில் திறந்திருக்கவில்லை. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் தோட்ட நிருவாகங்கள் பள்ளி நடத்த வேண்டும் என விதித்தது. எனினும், அப்பள்ளிகள் தொடக்கக் கல்வியோடு நின்றன; ஆங்கில இடைநிலைப் பள்ளிக்கு இட்டுச் செல்லவில்லை. எனவே, இக்காலத்தில் செலவைப் பற்றிய வினா நகர்ப்புறத்து ஆங்கிலக் கல்வி பெற்ற சிறு பிரிவினருக்கே உரியதாயிருந்தது எனலாம்.

மறைமுக மானியம்

விடுதலைக்குப் பின் நிலைமை மாறியது. ஆங்கில இடைநிலைக் கல்வி பரவியதால் பல்கலைக்கழகத்தை நாடியோர் பெருகினர். 1971இல் தொடங்கிய புதிய பொருளாதாரக் கொள்கையின் காலத்தில் உள்நாட்டுப் பல்கலைக்கழக இடங்கள் இன விகிதப்படி ஒதுக்கப்பட்டன. இடம் கிட்டாதோர் பிரிட்டன், இந்தியா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளை நோக்கினர்.

எளிய வருவாயுடைய குடும்பங்களாலும் இவ்வாறு நோக்க முடிந்தமைக்குக் காரணம் உண்டு. பிரிட்டனில் 1967 வரை உள்நாட்டு மாணவருக்கும் அயல்நாட்டு மாணவருக்கும் கட்டண வேறுபாடு இல்லை. 1967-68ஆம் கல்வியாண்டில்தான் அயல்நாட்டு மாணவரின் கட்டணம் 250 பவுண்டாக உயர்த்தப்பட்டது. உள்நாட்டுக் கட்டணம் ஏறத்தாழ 70 பவுண்டாகவே இருந்தது. ஆயினும், உயர்த்தப்பட்ட அத்தொகையும் கற்பித்தலுக்கு ஆகும் முழுச் செலவினும் மிகக் குறைவே. எஞ்சியதைப் பிரிட்டிஷ் அரசு தன் வரிப்பணத்திலிருந்து ஏற்றது. ஆஸ்திரேலியாவோ 1974இல் பல்கலைக்கழகக் கல்விக் கட்டணத்தையே நீக்கியது. அயல்நாட்டு மாணவரும் அதன் பயனைப் பெற்றனர்.

ஆகவே, அக்காலத்தில் ‘சொந்தச் செலவில்’ சென்ற மலேசிய மாணவர், உண்மையில் ஓர் அயல்நாட்டு அரசின் மானியத்தில் பயின்றவராவார். அம்மானியம் யார் பெயரிலும் வழங்கப்படவில்லை, கட்டணத்துக்குள் மறைந்திருந்தது. எனவேதான் அது பெற்றோர் பட்டியல் எதிலும் இடம்பெறவில்லை.

1980: ஒரு திருப்புமுனை

1979ஆம் ஆண்டின் இறுதியில் மார்கரெட் தாட்சர் அரசு, மறு கல்வியாண்டு முதல் சேரும் அயல்நாட்டு மாணவர்கள் முழுச் செலவையும் கட்டணமாகச் செலுத்த வேண்டும் என அறிவித்தது. 1979-80இல் அயல்நாட்டு இளங்கலை மாணவர் செலுத்திய கட்டணம் 940 பவுண்டு. 1980-81இல் குறைந்த அளவாக வரையறுக்கப்பட்டவை கலைத் துறைக்கு 2,000, அறிவியலுக்கு 3,000, மருத்துவத்துக்கு 5,000 பவுண்டு. ஒரு குடும்பத்தில் அண்ணன் 1979இலும் தம்பி 1980இலும் அறிவியல் துறையில் சேர்ந்திருப்பின், தம்பியின் முதலாண்டுக் கட்டணம் அண்ணன் செலுத்தியதைப் போல மும்மடங்கிற்கும் மேலாகும். இருவரின் திறமையிலும் வேறுபாடில்லை. பிறந்த ஆண்டே வேறு.

மலேசிய அரசு இதனைக் கடுமையாக எதிர்த்தது. 1981இல் பிரதமர் மகாதீர் முகமது அறிவித்த, பிரிட்டிஷ் பொருளைக் கடைசியாகவே வாங்குதல் என்னும் கொள்கைக்குக் கத்ரி நிறுவனப் பங்குகள் பற்றிய பூசலோடு இக்கட்டண உயர்வும் ஒரு காரணமாகும். 1983இல் பிரிட்டன் 46 மில்லியன் பவுண்டு மதிப்பிலான கூடுதல் உதவித் திட்டத்தை மூன்றாண்டுகளுக்கு அறிவித்தது. உதவி திரும்பியது, ஆயின் அதன் இயல்பு மாறிவிட்டது. முன்பு சேர்ந்த அனைவருக்கும் கிட்டியது, இப்பொழுது தேர்ந்தெடுக்கப்பட்ட சிலருக்கே கிட்டியது. ஆஸ்திரேலியாவும் 1980 முதல் அயல்நாட்டு மாணவரிடம் கட்டணம் பெறத் தொடங்கி, 1990க்குள் புதிய மாணவர்களுக்கு முழுக் கட்டண முறையை நிலைநிறுத்தியது.

குடும்பமும் சமுதாயமும்

அரசுகள் கைவிட்ட சுமை குடும்பங்களின் தோளில் இறங்கியது. தாயின் நகை அடகுக்கடைக்குச் சென்றது. வீட்டு மனை விற்கப்பட்டது. சீட்டுப் பணம் முன்கூட்டியே எடுக்கப்பட்டது. ஓய்வுக்காலத்திற்கென ஊழியர் சேம நிதியில் சேர்ந்த தொகையும் பிள்ளையின் படிப்புக்கு வழங்கப்பட்டது. மூத்தவரை அனுப்புவதற்காக இளையவர், குறிப்பாகப் பெண்பிள்ளைகள், படிப்பை நிறுத்திக்கொண்ட செய்திகளையும் நாம் கேட்டிருக்கிறோம்.

சமுதாய அளவிலும் முயற்சிகள் எழுந்தன. பாட்டாளிகளின் சிறு சேமிப்பைத் திரட்டிப் பெருஞ்செயல் ஆற்றலாம் என்பதற்குத் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் முன்மாதிரியாயிற்று. மாதம் பத்து வெள்ளி செலுத்திய தொழிலாளர்களின் பணத்தால் அது துண்டாடப்படவிருந்த தோட்டங்களை வாங்கியது. கல்வித் துறையில், ம.இ.கா.வின் முயற்சியால் 1984இல் அமைந்த எம்.ஐ.இ.டி. கல்விக் கடன் வழங்கத் தொடங்கியது. பிரிட்டனின் கட்டண உயர்வுக்கு நான்காண்டுகள் கழித்து இது தோன்றியமை கருதத்தக்கது. எனினும், கடன் மானியமன்று. மானியம் பெற்றவர் பட்டத்தோடு திரும்பினார். கடன் பெற்றவர் பட்டத்தோடும் தவணையோடும் திரும்பினார்.

நாணய மாற்றமும் தாயகம் திரும்பிய படிப்பும்

1997ஆம் ஆண்டின் ஆசிய நிதி நெருக்கடி மற்றோர் உண்மையைக் காட்டியது. நெருக்கடிக்கு முன் அமெரிக்க டாலர் ஒன்றுக்கு ஏறத்தாழ 2.50 ஆக இருந்த ரிங்கிட், 1998 சனவரியில் 4.80ஐயும் கடந்து சரிந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் 3.80 என நிலைப்படுத்தப்பட்டது. பத்தாயிரம் டாலர் கட்டணத்திற்கு முன்பு 25,000 ரிங்கிட் போதுமானதாயிருந்தது. பின்னர் 38,000 ரிங்கிட் வேண்டியதாயிற்று. பல்கலைக்கழகம் ஒரு காசும் உயர்த்தாமலே கட்டணம் உயர்ந்தது.

இதன் விளைவாக, மாணவர் படிப்பை நாடிச் செல்வதற்கு மாறாகப் படிப்பு மாணவரை நாடி வந்தது. 1980களில் தோன்றிய இணைக்கல்வித் திட்டங்கள் விரிவடைந்தன. மோனாஷ் பல்கலைக்கழகம் 1998இலும் நாட்டிங்காம் பல்கலைக்கழகம் 2000இலும் மலேசியாவில் வளாகங்களைத் தொடங்கின. 1997இல் நிறுவப்பட்ட தேசிய உயர்கல்வி நிதிக் கழகத்தின் கடனும் உள்நாட்டுப் படிப்பையே சார்ந்தது.

முடிவுரை

அயல்நாட்டுப் படிப்பின் வரலாறு தனிமனிதத் திறமையின் வரலாறு மட்டுமன்று. குடியேற்ற அரசு, அயல்நாட்டு வரிசெலுத்துநர், குடும்பம், கடன் நிறுவனம் என அதன் புரவலர் மாறிவந்துள்ளனர். அரசுகளின் பங்கிற்குச் சான்றுகள் ஆவணக் காப்பகங்களில் உள்ளன. குடும்பங்களின் பங்கிற்கான சான்றுகளோ அடகுச் சீட்டுகள், வங்கி வரைவோலைப் படிகள், பிணைக் கையெழுத்திட்ட கடன் பத்திரங்கள், வான்கடிதங்கள் ஆகியவையே. 1980ஆம் ஆண்டுத் தலைமுறையை அனுப்பிவைத்த பெற்றோர் இன்று முதுமையின் எல்லையில் உள்ளனர். அவர்கள் மறையும்பொழுது இத்தாள்களும் பழைய காகிதங்களோடு எரிக்கப்பட்டுவிடும்.

இப்பணியில் தமிழாசிரியர்களின் பங்கு இன்றியமையாதது. பள்ளியின் முன்னாள் மாணவர் குடும்பங்களை அறிந்தவர்கள் அவர்களே. யார் சென்றார் என்று மட்டும் கேளாமல், எதை விற்றீர்கள், யார் பிணை நின்றார், கடன் எந்த ஆண்டில் தீர்ந்தது, யார் போகாமல் நின்றார் என்னும் வினாக்களையும் கேட்டுப் பதிவு செய்தல் வேண்டும். இறுதி வினாவிற்கான விடையே மிக அரிதாகக் கிடைக்கும். வரலாற்றுக்கு அதுவே மிகவும் தேவைப்படுகிறது.