தபால் அட்டை முதல் வாட்ஸ்அப் குரூப் வரை



போன வாரம் என் பழைய மாணவி ஒருவர் போன் செய்தார். இப்போது கல்லூரி ஆசிரியை. "சார், ஆன்லைன் கோர்ஸ் ஒண்ணு நடத்தறேனுங்க. வாட்ஸ்அப், ட்விட்டர்னு பாடத்தைச் சின்னச் சின்னதாப் போடறேன். எல்லாரும் பார்க்கறாங்க, யாரும் வாய் திறக்க மாட்டேங்கறாங்க. என்ன பண்றதுங்க சார்?" என்று கேட்டார். போனில் பாதிதான் சொன்னேன். மீதியை உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், வகுப்பில் உட்கார்ந்த பொறுமையோடு படியுங்கள்.

சின்னச் செய்தியில் பாடம் நடத்துவது பழைய வித்தை. பழநிக்கு சைக்கிள் மிதித்துப் போய் டைப்ரைட்டிங்கும் ஷார்ட்ஹேண்டும் படித்தவர்கள் நம்மில் உண்டு. அந்தச் சுருக்கெழுத்தை உருவாக்கிய ஐசக் பிட்மன், 1840ல் இங்கிலாந்தில் ஒரு பென்னி தபால் வந்ததும், பாடத்தைச் சிறு அட்டைகளில் எழுதி மாணவர்களுக்கு அனுப்பினார். அவர்கள் பைபிள் பகுதிகளைச் சுருக்கெழுத்தில் எழுதித் திருப்பி அனுப்ப, அவர் திருத்தி அனுப்பினார். அஞ்சல்வழிக் கல்வியின் முன்னோடிகளில் அவர் ஒருவர்.

நம் நாட்டில் டெல்லிப் பல்கலைக்கழகம் 1962ல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. நமக்குப் பக்கத்தில் மதுரைப் பல்கலைக்கழகம் 1971ல் தொடங்கியது. நானும் தபாலில் எம்.ஏ. படித்தவன்தான். கட்டுக் கட்டாக வந்த பாடத்தில் இன்று எனக்கு நினைவிருப்பது குறைவு. ஆனால் நான் எழுதி அனுப்பிய ஒரு கட்டுரையின் ஓரத்தில், முகம் தெரியாத ஓர் ஆசிரியர் "இந்தக் கருத்தை இன்னும் விரித்து எழுதலாமே" என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது மட்டும் மறக்கவில்லை. அந்த ஒரு வரிக்காக அந்தப் பாடத்தை மூன்று முறை படித்தேன்.

அடுத்து ரேடியோ. 1956ல் புனே பக்கம் சுமார் 150 கிராமங்களில், யுனெஸ்கோ உதவியோடு ஒரு சோதனை நடந்தது. ஊர் மக்கள் கூட்டமாக உட்கார்ந்து நிகழ்ச்சியைக் கேட்பார்கள், பேசுவார்கள், சந்தேகத்தை எழுதி நிலையத்துக்கு அனுப்புவார்கள். பதில் பின்னால் வரும் நிகழ்ச்சியில் கிடைக்கும். 1960களில் நம் தஞ்சைப் பக்கம் ஏடிடி 27 என்ற நெல்லுக்கு "ரேடியோ நெல்" என்றே பெயர். திருச்சி வானொலியின் பண்ணை நிகழ்ச்சியைக் கேட்டுப் பயிரிட்டதால் வந்த பெயர் அது.

இப்போது செல்போனுக்கு வருவோம். ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 எழுத்து என்ற கணக்கு 1985ல் ஜெர்மனியில் பிறந்தது. ஃப்ரீட்ஹெல்ம் ஹில்லபிராண்ட் என்ற பொறியாளர் அதற்குக் காட்டிய சான்றுகளில் ஒன்று என்ன தெரியுமா? தபால் அட்டைகளில் பெரும்பாலும் 150 எழுத்துக்குள்தான் எழுதுகிறார்கள் என்பது! 2006ல் வந்த ட்விட்டர், அந்த 160ல் 20ஐப் பெயருக்கு ஒதுக்கி 140 எழுத்து வைத்தது. பிட்மன் கையாண்ட அட்டையின் அளவு சுற்றிச் சுற்றி நம் சட்டைப்பைக்குள் வந்துவிட்டது. தமிழுக்குத்தான் கொஞ்சம் நஷ்டம். தமிழ் எஸ்எம்எஸ்ஸுக்கு 70 எழுத்துதான் இடம்; அதிலும் "கு" என்றால் இரண்டாகக் கணக்கு. பிள்ளைகள் தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்கப் பழகியதற்கு அதுவும் ஒரு காரணம்.

பிறகு எல்லாம் வேகமாக வந்தன. வெளிநாட்டுத் தமிழர்களுக்கும் பாடம் சொல்ல 2001ல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம், 2018ல் க்யூஆர் கோடு போட்ட பாடப்புத்தகம், 2019ல் கல்வித் தொலைக்காட்சி. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடின.

நான் அந்த மே மாதம் ஓய்வு பெற வேண்டியவன். ஓய்வு வயதை 59 ஆக்கினார்கள். மறு ஆண்டு 60 ஆக்கினார்கள். சாக்பீஸைக் கீழே வைக்கப் போனவன் கையில் போனைக் கொடுத்தது காலம். ஒன்பதாம் வகுப்புக்கு வாட்ஸ்அப் குரூப் தொடங்கினேன். தினம் ஒரு சிறு பாடம், ஒரு கேள்வி. முதல் மாதம் பெருமையாக இருந்தது.

இனி என் தவறைச் சொல்கிறேன். ஒரு மாணவன் ஒரு கேள்விக்கும் பதில் போடவில்லை. கோபத்தில் "பதில் அனுப்பாதவர்கள்" என்று பட்டியல் எழுதி, அவன் பெயரை முதலில் வைத்துக் குரூப்பில் போட்டேன். அன்று இரவே அவன் குரூப்பை விட்டு வெளியேறினான். திமிர் என்று நினைத்தேன்.

2021 பிப்ரவரியில் ஒன்பதாம் வகுப்பு திறந்தபோது அவன் வரவில்லை. அணைக்குப் போகும் வழியில் ஒரு தோப்பில் அவர்கள் குடியிருந்தார்கள். தேடிப் போனேன். அவன் அம்மா சொன்னார்: "போனு அவங்கப்பாகிட்டத்தானுங்க சார் இருக்கும். தேங்காய் லோடு இறக்கிட்டு வர ராத்திரி பத்து, பதினொண்ணு ஆயிரும். நீங்க பேரு போட்டதைப் பார்த்து அழுதானுங்க. இப்ப திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போயிட்டான்."

திரும்பி வரும்போது வண்டியை அணைக்கரையில் நிறுத்திவிட்டு வெகுநேரம் நின்றேன். அவன் படிப்பை நிறுத்தியதற்கு வறுமை காரணமாக இருக்கலாம். கடைசியாக அவன் பள்ளியிலிருந்து கேட்ட சொல் என்னுடையது. அதன் பிறகு பதில் வராத வீடுகளுக்கு நானே போன் செய்தேன், இரவு ஒன்பதரைக்கு மேல். ஒரு பெண் பத்தரை மணிக்கு நோட்டைப் படம் பிடித்து அனுப்புவாள். விழித்திருந்து திருத்தி அனுப்புவேன். அவள் பிளஸ் டூ முடித்தபோது வீட்டுக்கு வந்து சொன்னாள், "நீங்க போட்ட டிக்கு மார்க்குக்காகவே முழிச்சிருந்து எழுதுவேனுங்க சார்."

அதே 2021 அக்டோபரில் அரசு இல்லம் தேடிக் கல்வியைத் தொடங்கியது. தன்னார்வலர்கள் மாலை நேரத்தில் தெருவுக்கே போய்ச் சின்னப் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். டிவி, போன் எல்லாம் பார்த்த பிறகும் கடைசியில் ஒரு ஆள் நடந்து போக வேண்டியிருந்தது.

ஆகவே அம்மா, உன் கேள்விக்கு என் பதில் இது. குரூப்பில் தினம் பத்துப் பதிவு போடாதே, ஒன்று போடு. பதில் போட்டவருக்கு அவர் பெயர் சொல்லி ஒரு வரி எழுது. பதில் போடாதவர் பெயரைக் குரூப்பில் எழுதாதே, தனியாகக் கூப்பிட்டு, "போன் யார்கிட்ட இருக்கு?" என்று முதலில் கேள்.

திருப்பூரில் இருக்கும் உங்களில் யாருக்காவது அவனைத் தெரிந்திருந்தால், சார் கேட்டேன் என்று சொல்லுங்கள். தனித்தேர்வராகப் பத்தாவது எழுத இன்னும் வழி இருக்கிறது. புத்தகமும் கட்டணமும் என் பொறுப்பு.