அரை மணி நேரத்தில் ஒரு நட்சத்திரம்

குரோஷா பின்னுவதற்கு இன்றுவரை ஆலையில் ஓடும் இயந்திரம் கிடையாது. ஸ்வெட்டர் பின்ன இயந்திரம் இருக்கிறது. மீன் வலை பின்னவும் இருக்கிறது. லேஸ் செய்யும் இயந்திரம் 19ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. ‘குரோஷே மெஷின்’ என்ற பெயரில் ஆலைகளில் ஓடுபவைகூட வேறு வகைப் பின்னலைத்தான் செய்கின்றன. ஒரே ஒரு கொக்கி, ஒரே ஒரு நூல், போட்ட கண்ணிக்குள்ளேயே மறுபடி நுழைந்து இழுக்கும் அந்த அசைவு இன்னும் மனிதக் கையிடம்தான் இருக்கிறது. அதனால் கடையில் குரோஷாவில் பின்னிய குழந்தைத் தொப்பியைப் பார்த்தால், விலைச் சீட்டில் 200 ரூபாய் இருந்தாலும் 2000 ரூபாய் இருந்தாலும் ஒன்று மட்டும் நிச்சயம். யாரோ ஒருவர் உட்கார்ந்து அதைப் பின்னியிருக்கிறார். அந்த யாரோ பெரும்பாலும் ஒரு பெண்.

இவ்வளவு கை உழைப்பு கேட்கும் வேலைக்குத்தான் ‘விரைவில்’, ‘எளிதில்’ என்ற இரண்டு அடைமொழிகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ‘விடுமுறையில் குழந்தைகளுக்கு எளிய குரோஷா’, ‘அரை மணி நேரத்தில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம்’, ‘ஒரே நாளில் பாப்பாவுக்கு ஷூ’ என்று பெண்கள் பத்திரிகைகளின் இணைப்புகள் பல காலமாக எழுதிவந்தன. இப்போது காணொளிகள் சொல்கின்றன. இந்த அரை மணி நேரம் யாருடையது, அது எப்படிக் கணக்கில் வராமல் போனது என்பதுதான் என் கேள்வி. பட்டினப்பாக்கத்தில் விடுமுறைதோறும் குழந்தைகளுக்குக் குரோஷா சொல்லிக்கொடுப்பவள் என்பதால் இந்தக் கேள்வியை என்னால் தள்ளிவைக்க முடியவில்லை.

பதிலைத் தேட, முதலில் தெற்கே போக வேண்டும். நாகர்கோவில் பக்கத்துப் பெண்கள் லேஸை ‘ரேந்தை’ என்பார்கள். ‘ரெந்தா’ என்ற போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து வந்தது அது. போர்த்துக்கீசியர் 16ஆம் நூற்றாண்டில் குடியேறிய சாந்தோம், பட்டினப்பாக்கத்திலிருந்து நடந்துபோகும் தூரம்தான். சொல் அவர்களோடு வந்தது. தொழிலாக அது வேர்விட்டதோ லண்டன் மிஷன் பெண்களின் வழியாக. ஜோஹன்னா மீட் 1819இல் நாகர்கோவிலில் பெண் குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்கினார். அதை ஏற்று நடத்திய மார்த்தா மால்ட், 1820களின் தொடக்கத்திலேயே மாணவிகளுக்கு ரேந்தை கற்றுக்கொடுத்தார். அது கொக்கிப் பின்னல் அல்ல. தலையணையில் குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை மாற்றி மாற்றிப் பின்னுவது.

அன்றைய திருவிதாங்கூரைக் கொஞ்சம் நினைத்துப்பாருங்கள். மனிதர்களை விற்கவும் வாங்கவும் முடிந்த நாடு. அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855இல்தான். நாடார் பெண்களும் அவர்களுக்கும் கீழே வைக்கப்பட்ட சாதிப் பெண்களும் மார்பை மறைக்கக்கூடாது என்று அடித்த காலம். தோள்சீலைப் போராட்டம் 1820களில் தொடங்கி, 1859 ஜூலை அரசாணை வரை நீண்டது. அந்த ஆணையும் எல்லாப் பெண்களுக்கும் முழு உரிமையைக் கொடுத்துவிடவில்லை. அந்த ஊரில், அந்தக் காலத்தில், மால்ட் பள்ளியில் படித்த அடிமைப் பெண்கள் சிலர் ரேந்தை பின்னிய கூலியைச் சேர்த்துத் தங்கள் விடுதலையை விலை கொடுத்து வாங்கினார்கள் என்று மிஷன் பதிவுகள் சொல்கின்றன. கையளவு நூல் வேலைக்கு இப்படி ஒரு வரலாறும் உண்டு.

ஆனால் அதே பதிவுகளுக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. ரேந்தை விற்ற லாபத்தில் மிஷன் பெண்கள் பள்ளிகள் நடந்தன. அதாவது பின்னிய கைகள்தாம் பள்ளிகளைத் தாங்கின. ஆனாலும் அந்தப் பெண்கள் ‘தொழிலாளிகள்’ என்று பெரிதும் பேசப்படவில்லை. நல்ல மனைவியாக, நல்ல தாயாக ஆவதற்கான பயிற்சி பெறுகிறவர்கள் என்றே பேசப்பட்டார்கள். வெயிலில் வயலில் குனியாமல், வீட்டுக்குள் உட்கார்ந்து செய்யும் வேலை கௌரவமானது. அந்தக் கௌரவம் அவர்களுக்கு உண்மையிலேயே தேவைப்பட்டது. ஆனால் வேலை வீட்டுக்குள் போனதும் அது வேலையாகத் தெரிவது குறைந்துபோனது.

மார்த்தாவின் மகள் எலிசா 1844இல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போனார். அங்கும் பெண்கள் பள்ளி, அங்கும் ரேந்தை. கால்டுவெல் 1856இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் நம் பாடப்புத்தகங்களில் இருக்கிறது, மெரினாவில் அவருக்குச் சிலை இருக்கிறது. நாகர்கோவில் பக்கத்தில் வளர்ந்து தமிழைப் பேச்சு மொழியாகவே அறிந்திருந்த எலிசாவையும், அவரிடம் ரேந்தை கற்ற தேரிக்காட்டுப் பெண்களையும் எத்தனை பாடப்புத்தகங்கள் பேசுகின்றன?

கொக்கிப் பின்னலின் கதை இதே ஆண்டுகளில் அயர்லாந்தில் வேகம் பிடித்தது. 1845இல் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் செத்தார்கள். கன்னிமாடங்களிலும் பள்ளிகளிலும் பெண்களுக்கும் சிறுமிகளுக்கும் குரோஷா கற்றுக்கொடுக்கப்பட்டது. ஏன் குரோஷா? வெனிஸ் நகரத்து ஊசி லேஸ் பின்ன மாதக்கணக்கில் ஆகும். ஒரு சின்னக் கொக்கியை வைத்து, பார்க்க அதைப் போலவே இருக்கும் ஒன்றை அதைவிட மிக விரைவில் முடித்துவிடலாம். லண்டனில் ரியேகோ டி லா பிரான்ஷார்டியே என்ற பெண் 1840களிலிருந்து குரோஷா மாதிரிப் புத்தகங்களை அச்சிட்டார். விக்டோரியா ராணியே பின்னினார். சீமாட்டிக்கு அது பொழுதுபோக்கு, பஞ்சத்தில் அடிபட்ட பெண்ணுக்குக் கஞ்சி. ஒரே கொக்கிதான் இரண்டு கைகளிலும் இருந்தது.

இதிலிருந்து எனக்கு ஒன்று புரிகிறது. ‘விரைவு’ என்பது குரோஷாவுக்கு முதலில் வந்தது குழந்தைகளின் விடுமுறைக்காக அல்ல, சந்தைக்காக. சீக்கிரம் முடியும் என்பதால் மலிவாக விற்கலாம். மலிவாக விற்பதால் கூலியையும் குறைக்கலாம். எளிது என்பதால் யார் வேண்டுமானாலும் செய்யலாம். யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்பதால் செய்பவருக்கு மதிப்பில்லை.

இந்தச் சங்கிலியை நம் பக்கத்து மாநிலத்திலேயே விரித்துக் காட்டியவர் ஜெர்மானியச் சமூகவியலாளர் மரியா மீஸ். கோதாவரிக் கழிமுகத்திலுள்ள நரசாப்பூரில் லேஸ் பின்னும் பெண்களைப் பற்றிய அவருடைய புத்தகம் 1982இல் வந்தது. 19ஆம் நூற்றாண்டில் மிஷனரிகள் வழியாக வந்த குரோஷா, 1970களில் அங்கே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களின் கைவேலையாகிவிட்டிருந்தது. மேஜை விரிப்புகள் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போயின. ஒரு பெண் பூ மட்டும் பின்னுவாள், இன்னொருத்தி அவற்றை இணைப்பாள். முழு விரிப்பு எப்படி இருக்கும் என்று பலருக்குத் தெரியாது. ஒரு நாளைக்கு 6 முதல் 8 மணி நேரம் பின்னினார்கள். கிடைத்ததோ வயல்கூலிப் பெண்ணின் குறைந்தபட்சக் கூலியைவிடப் பல மடங்கு குறைவு. ஏற்றுமதி செய்தவர்களும் தரகர்களும் ஆண்கள். இவர்கள் எல்லாரும் சொன்ன ஒரே பதில்: அவர்கள் வீட்டில் சும்மாதானே இருக்கிறார்கள், ஓய்வு நேரத்தில் பின்னுகிறார்கள்.

இதற்கு மீஸ் ஒரு பெயர் வைத்தார். தமிழில் ‘இல்லத்தரசியாக்கம்’ எனலாம். உலகச் சந்தைக்கு உழைக்கும் பெண்ணை முதலில் இல்லத்தரசி என்று அழைத்துவிடு. பிறகு அவள் உழைப்பு உழைப்பாகவே தெரியாது. சங்கம் இல்லை, வேலை நேரம் இல்லை, விடுமுறையும் இல்லை. 2024இல் நரசாப்பூர் குரோஷா லேஸுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரின் பெயருக்குக் காப்பு கிடைத்துவிட்டது, நல்லது. பின்னும் கையின் கூலிக்கு எந்தக் குறியீடு காப்பு தரும்?

இனி பட்டினப்பாக்கம். அடையாறு கடலில் சேரும் முகத்துக்கு வடக்கே, வீட்டுவசதி வாரியக் குடியிருப்புகளும் சீனிவாசபுரத்து மீனவர் வீடுகளும் அடுத்தடுத்து இருக்கிற இடம். 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், பள்ளி விடுமுறை நாளில் சுனாமி இங்கே உயிர்களையும் வீடுகளையும் கொண்டுபோனது. இங்கே டிசம்பர் விடுமுறையில் யாரும் அதை மறப்பதில்லை. அந்த விடுமுறையிலும் மே மாதத்திலும்தான் என் வகுப்பு நடக்கும். எட்டு வயதிலிருந்து பதின்மூன்று வயதுவரை பிள்ளைகள் வருவார்கள். ஆறு சங்கிலி போட்டு வளையமாக்கு, வளையத்துக்குள் பன்னிரண்டு கம்பம் போடு, அடுத்த சுற்றில் முனைகளை எடு. நட்சத்திரம் தயார். எனக்கு 40 நிமிடம். புதிதாக வரும் பிள்ளைக்கு இரண்டு நாள். எளிது என்பது ஏற்கெனவே கற்றுக்கொண்ட கையின் பேச்சு.

ஒரு பையன் முதல் நாளே கொக்கியை லாகவமாகப் பிடித்தான். “எங்கப்பா வலை ஊசி இப்டித்தான் புடிப்பாரு டீச்சர்” என்றான். அவன் சொன்னதைப் பார்க்கத் தூரம் போக வேண்டாம். மணலில் படகு நிழலில் உட்கார்ந்து கிழிந்த வலையை முடிச்சுப் போட்டுச் சரிசெய்யும் ஆண்களை எந்த நாளும் பார்க்கலாம். நூல், ஊசி, குனிந்த கழுத்து, மணிக்கணக்கான பொறுமை எல்லாம் ஒன்றுதான். அதை யாரும் கைவேலை, பொழுதுபோக்கு என்று சொல்வதில்லை. தொழில் என்கிறோம். சரிதான், தொழில்தான். மேலே மூன்றாவது மாடியில் அதே வீட்டுப் பெண் பின்னினால் மட்டும் அது ஏன் ‘சும்மா உக்காந்து ஏதோ போட்டுக்கிட்டிருக்கா’ என்று ஆகிறது? வலையிலும் பெண்களுக்குப் பங்கு இருந்தது. கன்னியாகுமரிக் கரையில் கையால் வலை பின்னிச் சம்பாதித்த பெண்கள், நைலான் வலை இயந்திரங்கள் வந்ததும் அந்த வருமானத்தை இழந்தார்கள். குரோஷாவுக்கு இயந்திரம் வராததற்கு அந்தப் பின்னலின் சிக்கல் ஒரு காரணம். பெண்ணின் கை எப்போதும் இயந்திரத்தைவிட மலிவாகக் கிடைத்தது இன்னொரு காரணமாக இருக்கும் என்று நான் நினைக்கிறேன்.

பிள்ளையைக் கூப்பிட வந்த ஒரு அம்மா, நட்சத்திரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “டீச்சர், இத போட்டுக் குடுத்தா காசு வருமா?” காலையில் மீன் விற்றுவிட்டு, மதியம் இரண்டு வீடுகளில் வேலை செய்பவர் அவர். வகுப்பின் பிற அம்மாக்களும் கேட்க வரவே, சேர்ந்து கணக்குப் போட்டோம். பரிசுப் பொருள் கடைக்காரர் ஒருவர் ஒரு நட்சத்திரத்துக்கு 15 ரூபாய் தருவதாகச் சொல்லியிருந்தார். நூலுக்கு 4 ரூபாய் போனால் மிச்சம் 11. ஒன்றுக்கு 40 நிமிடம் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 16 ரூபாய் 50 காசு. எட்டு மணி நேரம் தலை நிமிராமல் பின்னினால் 132 ரூபாய். நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2024-25ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டுக்கு அறிவித்த நாள் கூலியே 319 ரூபாய். காகிதத்தைப் பார்த்துவிட்டு அந்த அம்மா, “அப்ப மீனே மேல்” என்றார். சிரித்தோம். ஆனால் மீன் கூடையைத் தூக்க முடியாதவர்கள், கைக்குழந்தையை விட்டு வெளியே போக முடியாதவர்கள் அந்த 132 ரூபாய்க்கும் சம்மதிப்பார்கள் என்று அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். கடைக்காரருக்கும் தெரியும்.

வீட்டிலிருந்து கூலிக்கு உழைப்பவர்களையும் தொழிலாளர்களாக நடத்த வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996இல் ஓர் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. அதற்காகப் போராடியவர்களில் இலா பட் 1972இல் அகமதாபாத்தில் தொடங்கிய சேவா சங்கத்தின் பெண்கள் முக்கியமானவர்கள். இந்தியா அதை ஏற்று ஒப்புதல் அளிக்கவில்லை.

நம் நகரத்துக்குக் குரோஷாவில் உலக சாதனையும் உண்டு. சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய ‘மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்’ குழு, 2016 ஜனவரி 31 அன்று சென்னையில் 11,148.5 சதுர மீட்டர் குரோஷா போர்வையை விரித்துக் கின்னஸில் இடம்பிடித்தது. பல ஊர்களிலும் நாடுகளிலும் இருந்து பெண்கள் சதுரம் சதுரமாகப் பின்னி அனுப்பினார்கள். தனித்தனி வீடுகளில் மறைந்திருந்த வேலை ஒரே தரையில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தால் எவ்வளவு பெரிது என்று அன்று கண்ணால் பார்க்க முடிந்தது. எனக்கு அதில் பெருமைதான். சாதனைப் புத்தகம் அளந்தது பரப்பளவை. அந்தப் பரப்பளவுக்குள் எத்தனை பெண்களின் எத்தனை ஆயிரம் மணி நேரம் இருக்கிறது என்பதையும் யாராவது எழுதிவைத்திருந்தால், அது நம் உழைப்பு வரலாற்றின் ஆவணமாக இருந்திருக்கும்.

அதற்காகக் குழந்தைகளுக்குக் குரோஷா வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். நூல் விரலில் ஓடும் சுகம் உண்மையானது. தவறினால் இழுத்துப் பிரித்து மறுபடி போடலாம், எதுவும் வீணாவதில்லை என்று கற்றுத்தரும் கலைகள் குறைவு. பெண்கள் சேர்ந்து உட்கார்ந்து பேச ஒரு சாக்காகவும் அது எத்தனையோ வீடுகளில் இருந்திருக்கிறது. பையன்களுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் ஒன்றாகக் கற்றுக்கொடுப்போம். கூடவே கணக்கையும் கற்றுக்கொடுப்போம்.

என் வகுப்பில் இப்போது ஒரு வழக்கம் இருக்கிறது. நட்சத்திரமோ மீனோ பூவோ, எதைப் பின்னினாலும் ஒரு சின்ன அட்டையை அதில் கட்ட வேண்டும். அட்டையில் இரண்டு விவரங்கள்: பின்னியவரின் பெயர், பின்ன ஆன நேரம். பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. ‘2 நாள், நடுவுல ஐஸ்கிரீம்’ என்று எழுதுகிறார்கள். பெற்றுக்கொள்கிறவர்களோ அட்டையைப் படித்துவிட்டுப் பொருளை மறுபடி ஒருமுறை பார்க்கிறார்கள். நாகர்கோவிலிலும் இடையன்குடியிலும் நரசாப்பூரிலும் பின்னிய பெண்களுக்கு இப்படி ஓர் அட்டை கட்டும் உரிமை கிடைத்திருந்தால், அவர்கள் பெயர்களைத் தேடி நாம் மிஷன் அறிக்கைகளைப் புரட்டிக்கொண்டிருக்க மாட்டோம்.