பென் டிரைவுக்கு ரெஸ்ட் கொடுங்க... வீட்டு கம்ப்யூட்டர்களை இணைப்பது ரொம்ப ஈஸி!

ஹாலில் ஒரு பழைய டெஸ்க்டாப், அக்காவுக்கு ஒரு லேப்டாப், தம்பிக்கு காலேஜ் லேப்டாப்... இன்னைக்குப் பல வீடுகளில் இதுதான் நிலவரம். ஆனா, அப்பாவோட பென்ஷன் பேப்பர் ஸ்கேன் ஒரு கம்ப்யூட்டரில் இருக்கும், பிரின்டர் இன்னொன்றில் மாட்டியிருக்கும். நடுவில் ஒரு பென் டிரைவ் ஹாலுக்கும் பெட்ரூமுக்கும் நடையா நடக்கும். அது கிடைக்காத நாளில், பத்தடி தள்ளியிருக்கிற கம்ப்யூட்டருக்கு நமக்கு நாமே மெயில் அனுப்பிக்குவோம்!

இவ்வளவு கஷ்டம் தேவையில்லை. உங்க வீட்டில் வைஃபை ரவுட்டர் இருக்கா? அப்படின்னா நெட்வொர்க்கும் ஏற்கெனவே இருக்குன்னு அர்த்தம். கம்ப்யூட்டர்களுக்கு ஒன்றையொன்று அறிமுகப்படுத்தி வைக்கிறது மட்டும்தான் பாக்கி. ``நெட் பேக் சீக்கிரம் தீர்ந்துடுமா?''ன்னு எங்க அம்மா கேட்டாங்க. தீராது. ஃபைல்கள் ரவுட்டர் வழியா வீட்டுக்குள்ளேயேதான் போய் வரும். இன்டர்நெட் கட்டானாலும் இது வேலை செய்யும்.

எல்லா கம்ப்யூட்டர்களும் ஒரே ரவுட்டரில் இருக்கணும். விருந்தாளிகளுக்கான `கெஸ்ட்' வைஃபையில் ஒன்று மாட்டியிருந்தா, பெரும்பாலும் மற்றவை அதன் கண்ணுக்குத் தெரியாது. அடுத்து, விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ் போய், `நெட்வொர்க் அண்டு இன்டர்நெட்' பகுதியில் உங்க வைஃபையின் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்தா, `பப்ளிக்'னு இருக்கும். அதை `பிரைவேட்'னு மாத்துங்க. பல பேருக்கு வேலை செய்யாம போறது இந்த ஒரு இடத்தில்தான். பிறகு அதே பகுதியில் `அட்வான்ஸ்டு ஷேரிங் செட்டிங்ஸ்'ல, பிரைவேட் நெட்வொர்க்கின் கீழ் இருக்கும் நெட்வொர்க் டிஸ்கவரி, ஃபைல் அண்டு பிரின்டர் ஷேரிங் ரெண்டையும் ஆன் பண்ணிடுங்க. இதை எல்லா கம்ப்யூட்டரிலும் செய்யணும். (பழைய யூடியூப் வீடியோக்களில் `ஹோம்குரூப்'னு ஒன்று சொல்வாங்க. அதைத் தேடாதீங்க. விண்டோஸ் 10-ல் இருந்து 2018-லேயே தூக்கிட்டாங்க.)

அங்கேயே `பாஸ்வேர்டு புரொட்டெக்டட் ஷேரிங்'னும் ஒன்று இருக்கும். `அதை ஆஃப் பண்ணிட்டா சுலபம்'னு நிறைய பேர் சொல்லித் தருவாங்க. தயவுசெஞ்சு பண்ணாதீங்க. உங்க வைஃபை பாஸ்வேர்டு எதிர் வீட்டுப் பையனுக்கும் தெரியும்தானே?

அதுக்குப் பதிலா, ஃபைல்கள் இருக்கிற கம்ப்யூட்டரில் இதுக்குன்னே ஒரு யூசர் அக்கவுன்ட் உருவாக்குங்க. செட்டிங்ஸில் அக்கவுன்ட்ஸ், அதில் `அதர் யூசர்ஸ்'. மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் இல்லாத யூசரா சேர்த்து, ஒரு பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்தா போதும். பாஸ்வேர்டைக் காலியா விட்டா நெட்வொர்க் வழியா உள்ளே விடாது. தினமும் கம்ப்யூட்டரைத் திறக்கிற நாலு இலக்க பின் நம்பரும் இங்கே செல்லாது. `சரியாத்தான் போடுறேன், தப்புன்னே சொல்லுது'ன்னு புலம்புறவங்க பெரும்பாலும் பின் நம்பரைத்தான் அடிச்சிருப்பாங்க.

இப்போ ஃபோல்டர். `சி' டிரைவை மொத்தமா ஷேர் பண்ற வேலை வேண்டாம். தனியா ரெண்டு ஃபோல்டர் உருவாக்குங்க. ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், ஷேரிங், ஷேர். அதில் அந்தப் புது யூசரைச் சேர்க்கும்போது `ரீட்', `ரீட்/ரைட்'னு ரெண்டு வாய்ப்பு வரும். சாதாரணமாத் தெரியும். நானும் அப்படித்தான் நினைச்சேன்.

எங்க வீட்டில் தாத்தாவோட சதாபிஷேகப் போட்டோக்கள் ஹால் கம்ப்யூட்டரில் இருந்தன. எல்லாருக்கும் `ரீட்/ரைட்' கொடுத்திருந்தேன். ஒருநாள் என் லேப்டாப்பில் இடம் இல்லைன்னு வேண்டாத ஃபோல்டர்களை அழிச்சுட்டே வந்தவள், `இது காப்பிதானே'ன்னு அந்த ஃபோல்டரையும் அழிச்சுட்டேன். என் லேப்டாப்பின் ரீசைக்கிள் பின்னில் தேடினேன், இல்லை. ஹால் கம்ப்யூட்டரிலும் இல்லை. நெட்வொர்க் வழியா அழிக்கிற ஃபைல் பொதுவா எந்தக் குப்பைத்தொட்டிக்கும் போகாது, நேரா போயே போயிடும்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. மாமா ஒரு ஹார்டு டிஸ்க்கில் பாதியை வெச்சிருந்தார். மீதி கிடைக்கலை. தாத்தா இப்போ இல்லை.

அதனால, போட்டோ, வீடியோ, ஆவணங்கள் இருக்கிற ஃபோல்டருக்கு `ரீட்' மட்டும் கொடுங்க. அனுப்ப வேண்டியதைப் போட இன்னொரு ஃபோல்டருக்கு `ரீட்/ரைட்' கொடுங்க. ஷேர் பண்றதும் பேக்கப் எடுக்கறதும் வேற வேற. ஒரு எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கில் தனியா ஒரு காப்பி எடுத்து, கழட்டி பீரோவில் வெச்சிடுங்க.

சரி, அடுத்த கம்ப்யூட்டரில் திறப்பது எப்படி? ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் மேலே இருக்கும் முகவரிக் கட்டத்தில் ரெண்டு பேக்ஸ்லாஷ் (\\) போட்டு, இடைவெளி விடாம ஹால் கம்ப்யூட்டரின் பெயரை டைப் பண்ணி என்டர் தட்டுங்க. பெயர், செட்டிங்ஸில் சிஸ்டம், அபௌட் பக்கத்தில் இருக்கும். வாயில் நுழையாத பெயரா இருந்தா அங்கேயே மாத்திக்கலாம். புது யூசரின் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்தா ஃபோல்டர்கள் வந்து நிக்கும். வரலையா? ஹால் கம்ப்யூட்டர் தூங்குதான்னு முதலில் பாருங்க. ஸ்லீப்பில் இருந்தா எதுவும் திறக்காது. பவர் செட்டிங்ஸில் ஸ்லீப் நேரத்தைக் கூட்டிக்கோங்க.

பெரிய ஃபைலுக்கு மட்டும் வைஃபையை நம்பாதீங்க. கேபிள்தான் பெஸ்ட். அதிலும் ரவுட்டரின் போர்ட்டைக் கவனிக்கணும். பழைய 100 எம்பிபிஎஸ் போர்ட்னா விநாடிக்கு அதிகபட்சம் 12.5 எம்பி. 50 ஜிபி கல்யாண வீடியோ போய்ச்சேர ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். ரவுட்டர், ரெண்டு கம்ப்யூட்டர் எல்லாத்திலும் கிகாபிட் போர்ட் இருந்து, கேட் 5இ கேபிளும் போட்டா, ஹார்டு டிஸ்க் ஈடுகொடுத்தா, எட்டு நிமிஷத்தில் முடிஞ்சிடும். கேபிளுக்கு வழியில்லைன்னா ரவுட்டர் இருக்கிற அறையிலேயே உட்கார்ந்து 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் அனுப்புங்க.

வீட்டில் இன்னும் விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டர் வெச்சிருக்கீங்களா? அதை இதில் சேர்க்க ஆசைப்பட்டு `எஸ்எம்பி 1'ஐ ஆன் பண்ணாதீங்க. 2017 மே மாசம் உலகத்தையே உலுக்கின `வான்னாக்ரை' வைரஸ் பரவினது அந்தப் பழைய முறையில் இருந்த ஓட்டை வழியாத்தான். ஆபீஸ் லேப்டாப்பா இருந்தா, கம்பெனி ஐ.டி ஆட்களைக் கேட்காம இந்த செட்டிங்ஸைத் தொடவே வேண்டாம்.

மேக் வெச்சிருக்கிறவங்க ஃபைண்டரில் `கோ' மெனுவில் இருக்கும் `கனெக்ட் டு சர்வர்' மூலமா இதே ஃபோல்டரைத் திறக்கலாம். மொபைலில் விஎல்சி ஆப் இருந்தா, அதில் லோக்கல் நெட்வொர்க் பகுதிக்குப் போய் வீடியோவை நேரடியாப் பார்க்கலாம், காப்பி பண்ணக்கூடத் தேவையில்லை. எங்க அம்மா இப்போ கிச்சன்ல சமைச்சுக்கிட்டே அப்படித்தான் பழைய கல்யாண வீடியோக்களைப் பார்த்துட்டு இருக்காங்க.