லேசர் வெட்டு இயந்திரமும் அதன் பராமரிப்பும் – ஒரு வரலாற்றுப் பார்வை



மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள். நம் கல்லூரியின் வரலாற்றை எழுத என்னைவிடத் தகுதியான பெரியவர்கள் இருக்கிறார்கள். எனக்குச் சோறு போடுவது லேசர் வெட்டு இயந்திரம். ஆகவே அதன் வரலாற்றையே எழுதுகிறேன். இயற்பியல் ஆய்வகத்தில் கீற்றணியை வைத்து அலைநீளம் அளந்த நண்பர்களுக்கு இது சுலபமாகப் புரியும். ஏனென்றால் கதை முழுவதும் அலைநீளத்தில்தான் இருக்கிறது.

1960 மே 16 அன்று அமெரிக்காவில் தியோடர் மைமன் மாணிக்கப் படிகத்தைக் கொண்டு முதல் லேசரை ஒளிரச் செய்தார். 1964-ல் பெல் ஆய்வகத்தில் கரியமில வாயு லேசரை உருவாக்கியவர் குமார் பட்டேல். பாராமதியில் பிறந்து புனே பொறியியல் கல்லூரியில் படித்தவர். நம்ம ஆளு என்று தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம்! 1967-ல் இங்கிலாந்தில் பீட்டர் ஹோல்ட்கிராஃப்ட் என்பவர் 300 வாட் கதிரோடு ஆக்சிஜனையும் சேர்த்து ஊதி, 1 மி.மீ. எஃகுத் தகட்டை வெட்டிக் காட்டினார். ஆக்சிஜனில் இரும்பு எரிந்து தானும் வெப்பம் தருகிறது. உருகிய உலோகத்தை வாயுவின் வேகம் கீழே தள்ளிவிடுகிறது. இன்றைக்கும் இரும்புத் தகட்டில் நடப்பது இதுதான்.

புத்தகங்களில் இதற்குப் பிறகு வாட் கணக்குத்தான் வரும். ஆயிரம் வாட், நாலாயிரம் வாட் என்று ஏறிக்கொண்டே போகும். அந்த வாட்டை நாள்தோறும் காப்பாற்றியவர்களைப் பற்றி ஒரு வரியும் இருக்காது.

கரியமில வாயு லேசரின் அலைநீளம் 10.6 மைக்ரான். சாதாரணக் கண்ணாடி இதை விடாது, விழுங்கிவிடும். அதனால் லென்ஸைத் துத்தநாக செலினைடில் செய்தார்கள். கதிரை வெட்டும் தலைவரை கொண்டுபோக வரிசையாக ஆடிகள் வைத்தார்கள். பராமரிப்பு ஆசாமிக்கு வேலை அங்கேதான் பிறந்தது. காலையில் வந்ததும் ஹீலியம், நைட்ரஜன், கரியமில வாயு சிலிண்டர்களின் அழுத்தம் பார்க்க வேண்டும். பிறகு வாக்குவம் பம்ப் எண்ணெய், குளிர்விக்கும் நீரின் மட்டம். லென்ஸைத் துடைக்க அசிட்டோன் நனைத்த லென்ஸ் தாளை ஒரே திசையில் ஒரு முறை இழுத்து, அந்தத் தாளைத் தூரப் போட்டுவிட வேண்டும். அதே தாளால் திரும்பத் தேய்த்தால் கீறல்தான் மிச்சம். லென்ஸ் கருகினால் வரும் புகை நச்சு என்பதால் உடனே வெளியே ஓட வேண்டும். கதிர் நாசிலின் நடுவில் வருகிறதா என்று பார்க்க, நாசில் வாயில் டேப்பை ஒட்டி ஒரே ஒரு துடிப்பு விடுவார்கள். ஓட்டை நடுவில் விழ வேண்டும், அவ்வளவுதான். பட்டறைக்குப் பக்கத்தில் யாராவது தின்னர் கலந்து பெயின்ட் அடித்தால்கூட, அந்த ஆவி கதிர்ப் பாதையில் புகுந்து வெட்டு கெட்டுப்போகும். இந்த நுணுக்கங்களில் பாதி வாய்வழியாகவே பரவியது.

2010-ஐ ஒட்டி ஃபைபர் லேசர் சந்தையைப் பிடித்தது. இதன் அலைநீளம் சுமார் 1.07 மைக்ரான். கண்ணாடி இழைக்குள்ளேயே பயணம் செய்யும். ஆடிகள் போயின, லேசர் வாயு சிலிண்டர்களும் போயின. ஆடி சரிபார்க்கத் தெரிந்த கைகளுக்கும் வேலை குறைந்தது. "அண்ணாச்சி, இதுல மெயின்டனன்ஸே கிடையாது" என்று சொல்லித்தான் பல இடங்களில் விற்றார்கள்.

அது பாதி உண்மை. வெட்டும் தலையில் லென்ஸுக்குக் கீழே ஒரு பாதுகாப்புக் கண்ணாடி உண்டு. அதில் ஒரு துகள் ஒட்டினாலும் அந்த இடம் சூடேறிக் கருகும். மின்விசிறியைப் போட்டுக்கொண்டு அதைக் கழற்றுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பகீரென்கிறது. கழற்றிய வாயை உடனே டேப் ஒட்டி மூட வேண்டும்.

இதைவிடப் பெரிய ஆபத்து பனித்துளி. 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் இருந்தால் 26 டிகிரியிலேயே காற்றின் ஈரம் நீராகப் படியும். குளிர்நீர் 22 டிகிரியில் ஓடினால் லேசருக்குள் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இயந்திரத்தைச் செய்த ஊர்க் குளிருக்கு எழுதிய கையேட்டை அப்படியே பின்பற்றினால் ஐப்பசி, கார்த்திகை மழையில் நம்ம பேட்டைக்கு அது பொருந்தாது. லேசர் பெட்டியின் ஏ.சி.யை முதலில் ஓட்டி உள்ளே இருக்கும் ஈரத்தை வற்றவைத்து, அதற்குப் பிறகே குளிர்நீரை விட வேண்டும். கதவை அடைத்தே வைக்க வேண்டும். கவனிக்காமல் விட்டு லேசர் மூலமே பழுதானால், வங்கிக் கடனில் மிஷின் வாங்கிய சின்னப் பட்டறைக்காரர் எழுந்திருப்பது கஷ்டம்.

சுத்தமல்லி அணைக்கட்டிலிருந்து வரும் நெல்லைக் கால்வாயைத் தண்ணீர் திறக்குமுன் தூர் வாரிப் பழகிய ஊர் நம் ஊர். மராமத்து என்ற சொல் நமக்குப் புதிதல்ல.

பேட்டைத் தொழிற்பேட்டையில் பட்டறை வைத்திருக்கும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். கண்ணாடி மாற்றிய தேதி, குளிர்நீர் மாற்றிய தேதி, அன்றைய ஈரப்பதம் மூன்றையும் ஒரு நாற்பது பக்க நோட்டில் தமிழிலேயே எழுதி வையுங்கள். ஐ.டி.ஐ. முடித்துப் புதிதாக வரும் பையனுக்கு முதல் நாள் அந்த நோட்டைக் கையில் கொடுங்கள்.