மூசி ஆற்றுக் கணக்கு



வங்கிப் பணியில் இருந்தபோது பயிற்சிக்காக ஒருமுறை ஹைதராபாத் போயிருந்தேன். உஸ்மானியா மருத்துவமனை வளாகத்தில் ஒரு பழைய புளியமரத்தைக் காட்டினார்கள். 1908 செப்டம்பர் 28-ஆம் தேதி மூசி ஆறு ஊருக்குள் புகுந்தபோது சுமார் 150 பேர் அந்த மரத்தில் ஏறி உயிர் பிழைத்தார்கள் என்றார்கள். மரம் கிடைக்காதவர்கள்? ஆயிரக்கணக்கானோர் மாண்டுபோனார்கள்.

ஆறு என்றால் வெள்ளம் வரத்தான் செய்யும் என்று நிஜாம் அரசு விட்டுவிடவில்லை. பம்பாய் அரசுப் பணியிலிருந்து விலகி ஐரோப்பாவில் சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்த பொறியாளர் விஸ்வேஸ்வரய்யாவை அழைத்தது. 1909 ஏப்ரலில் அவர் வந்தார். உடனே அணை கட்டச் சொன்னார் என்று நினைக்காதீர்கள். முதலில் கணக்கு எடுத்தார். எங்கே எவ்வளவு மழை பெய்தது, ஆறு எவ்வளவு நீரைத் தாங்கும், தண்ணீர் எந்த வழியாக வந்தது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

அந்தக் கணக்கில் கிடைத்த விஷயத்தைக் கேளுங்கள். மூசிக்கும் அதன் துணையாறான ஈசிக்கும் நீர் வரும் பகுதியில் மொத்தம் 788 ஏரிகள் இருந்தன. பெருமழையில் அவற்றில் 221 உடைந்தன. ஈசிப் பக்கம் 182, மூசிப் பக்கம் 39. மேலே உள்ள ஏரி உடைந்தால் அதன் தண்ணீர் கீழே உள்ள ஏரியை உடைக்கும். ஊரை அழித்தது வானத்து மழை மட்டும் அல்ல, உடைந்த ஏரிகளின் தண்ணீரும்தான்.

அவர் சொன்ன தீர்வு எளிமையானது. ஊருக்கு மேலே இரு ஆறுகளிலும் நீர்த்தேக்கம் கட்டுங்கள். வெள்ளத்தை அங்கே நிறுத்தி, ஊருக்குள் ஆறு தாங்கும் அளவுக்கு மட்டும் விடுங்கள் என்றார். அப்படி வந்தவைதான் 1920-இல் முடிந்த உஸ்மான் சாகரும் 1927-இல் முடிந்த ஹிமாயத் சாகரும். ஊருக்குக் குடிநீரும் அங்கிருந்து கிடைத்தது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. வெள்ளத்தைத் தாங்க வேண்டுமானால் தேக்கத்தில் கொஞ்சம் இடம் காலியாக இருக்க வேண்டும். விளிம்பு வரை நிரம்பிய தேக்கத்தால் பயன் இல்லை. வங்கியில் ரொக்கக் கையிருப்பைப் பார்த்து, "பணம் சும்மா கிடக்கிறதே" என்று புதிதாகச் சேர்ந்த பையன்கள் கேட்பார்கள். எல்லோரும் ஒரே நாளில் பணம் எடுக்க வரும்போதுதான் அதன் அருமை தெரியும். காலி இடமும் அப்படித்தான்.

அணைகள் வந்தபின் பயம் போயிற்று. ஆற்றோரத்திலும் ஏரிகளின் உள்ளேயும் வீடுகள் வந்தன. 2020 அக்டோபர் மழையில் ஹைதராபாத்தில் மறுபடியும் ஏரிக்கரை உடைந்து குடியிருப்புகளுக்குள் தண்ணீர் புகுந்தது. விஸ்வேஸ்வரய்யா எண்ணிவைத்த கணக்கை நூறு வருடத்தில் மறந்துவிட்டோம்.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. பின்பக்கச் சுவரை ஒட்டியுள்ள பள்ளத்தை மண் கொட்டி நிரப்பி, பேவர் பிளாக் பதித்து, கார் பார்க்கிங் ஆக்கலாம் என்ற யோசனை அடுத்த பொதுக்குழுவுக்கு வருகிறது. என் காரும் தெருவில்தான் நிற்கிறது, எனக்கும் ஆசைதான். ஆனால் போன மழையில் அந்தப் பள்ளத்தில் ஒன்றரை அடித் தண்ணீர் நின்றதை நானே அளந்து பார்த்தேன். இரண்டு நாளில் அது நிலத்துக்குள் இறங்கிவிட்டது. நம் லிப்ட் குழிக்குள் ஒரு சொட்டு வரவில்லை. அந்தப் பள்ளம் இல்லையென்றால் தண்ணீர் எங்கே போயிருக்கும்?

அடுத்த மழையில் குடையோடு போய் ஒருமுறை பாருங்கள். பார்த்துவிட்டு ஓட்டுப் போடுங்கள்.