சோடியம்–குளுக்கோஸ் இணைக்கடத்திகள்

சோடியம் அயனிகளோடு சேர்த்துக் குளுக்கோஸையும் செல்லுக்குள் கொண்டுசெல்லும் சவ்வுப் புரதங்கள். சிறுகுடலிலும் சிறுநீரகத்திலும் இவற்றின் பணி முதன்மையானது.

செயல்முறை: செல்லின் அடிப்பக்கச் சவ்விலுள்ள சோடியம்–பொட்டாசியம் பம்ப், ஆற்றல் தரும் ஏ.டி.பி. மூலக்கூறு ஒன்றைச் செலவிட்டு 3 சோடியம் அயனிகளை வெளியேற்றி, 2 பொட்டாசியம் அயனிகளை உள்ளிழுக்கிறது. இதனால் செல்லினுள் சோடியத்தின் செறிவு குறைகிறது. வெளியிலுள்ள சோடியம் உள்ளே நுழைய முனைகிறது. அந்த உந்துவிசையைக் கொண்டே இணைக்கடத்தி, செறிவு மிகுந்த பக்கத்துக்கும் குளுக்கோஸை ஏற்றுகிறது. ஏ.டி.பி.யை நேரடியாகப் பயன்படுத்தாததால் இது 'இரண்டாம்நிலைச் செயல்மிகு கடத்தல்' எனப்படும். வெளிப்புறம் திறந்த நிலையில் முதலில் சோடியமும் பின்பு குளுக்கோஸும் பிணைகின்றன. புரதம் வடிவம் மாறி உட்புறம் திறந்து இரண்டையும் விடுவிக்கிறது. குடல் செல்லிலிருந்து குளுக்கோஸ், குளூட்2 என்னும் வேறொரு கடத்தி வழியாக இரத்தத்தை அடைகிறது.

வகைகள்: சிறுகுடலில் மிகுந்துள்ள எஸ்.ஜி.எல்.டி.1, ஒரு குளுக்கோஸுக்கு 2 சோடியம் அயனிகளைக் கடத்துகிறது, கேலக்டோஸையும் ஏற்கும். சிறுநீரகத்தின் எஸ்.ஜி.எல்.டி.2 ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் இயங்கி, வடிகட்டப்பட்ட குளுக்கோஸில் சுமார் 90 விழுக்காட்டை மீட்கிறது.

வரலாறு: குளுக்கோஸ் சோடியத்தோடு இணைந்து கடத்தப்படுகிறது என்னும் கருத்தை அமெரிக்க உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன் 1960-இல் பிராக் நகரில் முன்வைத்தார். எஸ்.ஜி.எல்.டி.1-இன் மரபணுப்படி 1987-இல் பிரித்தெடுக்கப்பட்டது.

மருத்துவப் பயன்: வயிற்றுப்போக்குக்குத் தரப்படும் உப்பு–சர்க்கரைக் கரைசல் எஸ்.ஜி.எல்.டி.1-ஐ நம்பியுள்ளது, சோடியமும் குளுக்கோஸும் உறிஞ்சப்படுகையில் நீரும் உடன் செல்கிறது. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் ஆகிய நீரிழிவு மருந்துகள் எஸ்.ஜி.எல்.டி.2-ஐத் தடுத்து, மிகைச் சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுகின்றன.