இக்கரையில் ஒரு நகரம்: ஹவுராவின் குடியும் குடியிருப்பும்

தமிழ்நாட்டினருக்கு ஹவுரா என்பது ஓர் ஊரின் பெயராக அறிமுகமானதைக் காட்டிலும், பயணச்சீட்டின்மேல் அச்சிட்ட ஒரு சொல்லாகவே பெரும்பாலும் அறிமுகமாயிற்று. ஹவுரா மெயிலில் ஏறிக் கோதாவரியையும் மகாநதியையும் கடந்து, உடல் களைத்து, கடைசியாக இறங்கும் இடம் அது. இறங்கியவுடன் நாம் செய்வது என்ன? மூட்டை முடிச்சுகளைச் சுமந்துகொண்டு பாலத்தை நோக்கி விரைகின்றோம். அக்கரையில் கல்கத்தா காத்திருக்கின்றது. நிலையத்தின் முதுகுப்புறத்தில், பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் தனி நகரம் ஒன்று உண்டென்பதைத் திரும்பிப் பார்ப்போர் சிலரே. இக்கரைக்கு அக்கரை பச்சை என்ற நம் பழமொழியை ஹவுரா முந்நூறு ஆண்டுகளாக அனுபவித்து வருகின்றது.

ஊரின் பெயரிலேயே அதன் நிலத்தின் இயல்பு பொதிந்திருக்கின்றது. வங்காளத்தில் ‘ஹாவோர்’ என்றால் நீர் தேங்கி நிற்கும் தாழ்நிலம் என்று பொருள். அதனின்றே ஹவுரா என்ற பெயர் பிறந்தது என்பர். ஹூக்ளி நதியின் மேற்குக் கரை ஓரளவு உயர்ந்திருக்கும். அங்கிருந்து மேற்கே செல்லச் செல்ல நிலம் தாழ்ந்துகொண்டே போகும். பெய்த மழை ஆற்றுக்குப் போக மனமின்றி ஊருக்குள்ளேயே தங்கிவிடும். இந்த ஒரு செய்தியை நினைவில் வைத்துக்கொண்டால், பின்னர் வரும் பல துன்பங்களுக்குக் காரணம் விளங்கும்.

16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இப்பக்கம் வந்த சேசரே பெடெரிச்சி என்ற வெனிஸ் நகரத்து வணிகர், பேத்தோர் என்னும் இடத்தைப் பற்றி ஒரு விந்தையை எழுதி வைத்துள்ளார். இன்று ஹவுராவின் சிவ்பூரை ஒட்டிக் கிடக்கும் பகுதிதான் அந்தப் பேத்தோர். அதற்கு மேலே ஆறு ஆழம் குறைந்திருந்தமையால் போர்த்துக்கீசியரின் பெருங்கப்பல்கள் அங்கேயே நங்கூரமிட்டன. சரக்குகள் சிறு படகுகளில் சப்தகிராமத்துக்குச் சென்றன. கப்பல்கள் நிற்கும் வரையில் கரையில் வைக்கோலால் வீடுகளும் கடைகளும் எழும், சந்தை நடக்கும். கப்பல்கள் புறப்பட்டதும் அவரவர் தம் குடிசைக்குத் தாமே தீ வைத்துவிட்டுப் போய்விடுவர். மறு ஆண்டு மீண்டும் வைக்கோல் ஊர் முளைக்கும். வந்து போகும் சரக்குக்காக எழுந்த குடியிருப்பு என்ற வழக்கம் இவ்வளவு பழமையானது.

கிழக்கிந்தியக் கம்பெனியாருக்கு இக்கரைமீது கண் விழுந்தது 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். மொகலாயப் பேரரசர் பரூக்சியரிடம் அவர்கள் வேண்டிய 38 கிராமங்களுள் ஐந்து மேற்குக் கரையைச் சேர்ந்தவை: சால்கியா, ஹவுரா, காசுந்தியா, ராமகிருஷ்ணபுரம், பேத்தோர். 1717இல் ஆணை பிறந்தும் வங்காள நவாப் இடங்கொடுக்கவில்லை. 1760இல் மீர் காசிமுடன் செய்த உடன்படிக்கைக்குப் பின்னரே இப்பகுதி கம்பெனியின் கைக்கு வந்தது. வந்தும் அதற்குப் பெருமதிப்பு இருந்ததாகத் தெரியவில்லை. 1785இல் ஹவுரா கிராமத்தை வைத்திருந்த லவெட் என்ற ஆங்கிலேயர், இதைத் தம்மிடமிருந்து எடுத்துக்கொள்ளுமாறு வருவாய்க் கழகத்துக்கு விண்ணப்பித்தார் என்று பழைய அரசாங்க ஏடுகள் கூறுகின்றன. வேண்டாமென்று ஒருவர் திருப்பிக் கொடுத்த கிராமத்தில் இன்று ஒரு சதுர கிலோமீட்டருக்கு இருபதாயிரம் பேருக்கு மேல் வாழ்கின்றனர்.

இந்த மாற்றத்தைச் செய்தது புகைவண்டி. நிலக்கரி விளையும் ராணிகஞ்சும், அதற்கப்பால் தில்லியும் ஹூக்ளிக்கு மேற்கே இருந்தன. அகன்ற ஆற்றுக்குப் பாலம் இல்லை. ஆகவே கல்கத்தாவின் நிலையத்தைக் கல்கத்தாவுக்கு வெளியே, இக்கரையில் அமைத்தனர். 1854ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் ஹவுராவிலிருந்து ஹூக்ளி நகருக்கு 24 மைல் தூரம் முதல் வண்டி ஓடிற்று. அது இன்னும் முன்பே ஓடியிருக்க வேண்டும். பெட்டிகளைக் கொண்டுவந்த கப்பல் வழியில் மூழ்கிவிட்டது. இயந்திரத்தைக் கொண்டுவந்த கப்பலோ வழி தவறி ஆஸ்திரேலியாவுக்குப் போய்ச் சேர்ந்து, அங்கிருந்து திரும்பி வந்தது! பெட்டிகளை உள்ளூர்த் தச்சர்களைக் கொண்டே செய்து முடித்தார்கள். இரும்பையும் மரத்தையும் ஆளத் தெரிந்த கைகள் இங்கு முன்னரே இருந்தன. சால்கியாவில் கப்பல் பழுது பார்க்கும் துறைகள் 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே தோன்றியிருந்தன.

1862இல் ஹவுராவுக்குத் தனி நகரசபை ஏற்பட்டது. 1874இல் பிராட்போர்டு லெஸ்லி என்ற பொறியாளர், மிதவைகளை இணைத்து 1,528 அடி நீளப் பாலம் ஒன்றை ஆற்றின்மேல் கிடத்தினார். அதுவரை வண்டிப் பயணிகள் படகில்தான் நதியைக் கடந்தனர். பாலத்தின் நடுப்பகுதியைக் கழற்றிக் கப்பல்களுக்கு வழி விடுவார்கள். அந்த நேரத்தில் இரு கரையும் மூச்சடைத்து நிற்கும்.

அடுத்துச் சணல் ஆலைகள் வந்தன. கிழக்கு வங்காளத்தில் விளைந்த சணல் இங்கே கோணியாகித் தானியத்தையும் பஞ்சையும் சுமந்து உலகெங்கும் சென்றது. ஆலைகளுக்கு அருகே வார்ப்படப் பட்டறைகளும், வண்டிப் பெட்டி செய்யும் பர்ன் கம்பெனி போன்ற பெரிய தொழிற்சாலைகளும் பெருகின. பெலிலியஸ் சாலையின் சிறு பட்டறைகளில், எழுதப் படிக்கத் தெரியாத கம்மியர் ஒருவர் எந்த இயந்திர உறுப்பையும் கண்ணால் பார்த்தே வார்த்துக் கொடுப்பார் என்று பெயர் இருந்தது. ஹவுராவை இந்தியாவின் ஷெபீல்டு என்று புகழ்ந்தார்கள்.

மக்கள் தொகை எவ்வாறு ஏறிற்று என்பதைப் பாருங்கள். 1872இல் 84,069 பேர். 1901இல் 1,57,594 பேர். 1931இல் சுமார் 2.25 லட்சம்; 1941இல் 3.79 லட்சம். வகுப்புப் போட்டியின் காரணமாக 1941ஆம் ஆண்டுக் கணக்கு வங்காளத்தில் மிகைப்பட்டது என்ற ஐயம் அன்றே எழுந்ததாயினும், போர்க்காலத் தொழிற்சாலைகள் ஆட்களை ஈர்த்ததும் மெய்யே. பீகாரிலிருந்தும் ஐக்கிய மாகாணத்திலிருந்தும் ஒரிசாவிலிருந்தும் கஞ்சம் பக்கத்துத் தெலுங்கு நாட்டிலிருந்தும் ஆண்கள் தனியே வந்தார்கள். மனைவி மக்கள் ஊரில் இருந்தனர். வேலைக்கு ஆள் வேண்டும் என்று கருதியவர்கள், அந்த ஆள் இரவில் எங்கே படுப்பான் என்பதைத் தங்கள் கணக்கில் சேர்க்கவில்லை. சில ஆலைகள் வரிசை வீடுகள் கட்டின. மற்றவர்களுக்குப் பஸ்திதான் கதி.

பஸ்தியைச் சேரி என்று மொழிபெயர்த்துவிட்டு மேலே செல்வது எளிது. ஆனால் அதன் உள்ளமைப்பு நம் சேரிகளினின்றும் வேறுபட்டது. நிலம் ஒரு ஜமீன்தாருடையது. அந்நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, மண்சுவரும் ஓட்டுக்கூரையுமாகக் குடிசை கட்டுபவர் டிக்கா குத்தகைக்காரர். அக்குடிசையின் ஓர் அறைக்கு மாதவாடகை தந்து ஐந்தாறு பேராகப் படுத்துறங்குபவர் மூன்றாமவர். நிலத்துக்குரியவர் நிலத்தின்மேல் ஒரு காசும் செலவிடமாட்டார், ஏனெனில் குடிசை அவருடையது அல்ல. குடிசைக்காரர் செங்கல் வைத்துக் கட்டமாட்டார், ஏனெனில் நிலம் அவருடையது அல்ல. வாடகைக்காரர் கேட்கவே முடியாது. வடிகாலும் கழிவிடமும் மூவருக்கும் பொதுவானவை. ஆகவே மூவராலும் கைவிடப்பட்டவை. ஹவுராவின் வீட்டுத் துயரத்துக்கு வறுமையைக் காட்டிலும் இந்த உரிமைச் சிக்கலே பெரிய காரணம் என்பது நம் கருத்து.

1949இல் இயற்றப்பட்ட டிக்கா குத்தகைச் சட்டம் குடிசைக்காரரை வெளியேற்றத்தினின்றும் காத்தது. 1981ஆம் ஆண்டுச் சட்டம் நிலத்தையே அரசுடைமை ஆக்கிற்று. ஜமீன்தார் மறைந்தார், நடு நின்றவர் நிலைத்தார், மூன்றாமவரின் வாடகை அறை அப்படியே இருந்தது. வட ஹவுராவின் பில்கானா பஸ்தியை அடிப்படையாகக் கொண்டு டொமினிக் லாப்பியே என்ற பிரெஞ்சு எழுத்தாளர் 1985இல் ஒரு நூல் வெளியிட்டார். அதனால் உலகம் ஹவுராவின் ஒரு மூலையை அறிந்தது. அறிந்த உலகத்தில் பாதிப்பேர் அதைக் கல்கத்தா என்றே எண்ணிக்கொண்டார்கள்.

நகரத்தின் வசதிகளும் இவ்வாறே பின்தங்கி வந்தன. வடக்கே செராம்பூரில் ஆற்று நீரை எடுத்து வடிகட்டிக் குழாய் வழியே தரும் ஏற்பாடு 1896இல் வந்தது. 20ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் மின்சார டிராம் ஓடத் தொடங்கிற்று. ஆம்தாவுக்கும் சியாகாலாவுக்கும் மார்ட்டின் கம்பெனியாரின் குறுகிய இருப்புப்பாதைகள், கிராமத்துக் காய்கறியையும் அலுவலக எழுத்தரையும் நாள்தோறும் கொண்டுவந்தன. அவை 1971இல் நின்றன. ஹவுரா டிராமும் ஏறத்தாழ அதே காலத்தில் மறைந்தது. ஆனால் நிலத்தடிக் கழிவுநீர்க் குழாயோ, நாடு விடுதலை பெற்றபோது நகரின் பெரும்பகுதிக்கு இல்லை. மலத்தைக் கூடையில் சுமந்தவர்களின் தலைமேல்தான் அந்நகரம் நின்றது.

இதற்கிடையில் 1943 பிப்ரவரி 3ஆம் நாள் புதிய பாலம் திறக்கப்பட்டது. ஜப்பானிய விமானங்களுக்கு அஞ்சி, விழா ஏதுமின்றி இரவில் ஒரு தனி டிராம் வண்டியை ஓடவிட்டுத் திறந்தார்கள். 26,500 டன் எஃகு. அதில் 23,000 டன் டாட்டா ஆலையில் உருக்கியது. ஆற்றில் ஒரு தூணும் இன்றி 1,500 அடி தாவும் அப்பாலத்தின் கம்பீரத்தை யாரும் மறுக்க முடியாது. 1965இல் அதற்கு ரவீந்திரரின் பெயரைச் சூட்டினார்கள். ஆயினும் பாலம் இட்டது அக்கரைக்குச் செல்வோருக்காக. இக்கரைச் சந்துகள் பழைய அகலத்திலேயே கிடந்தன. பாலம் கொண்டுவந்து கொட்டிய வண்டிகள் அவற்றில் சிக்கிக்கொண்டன.

பிரிவினை அகதிகளையும் ஏற்றுக்கொண்டு 1951இல் நகரம் 4.34 லட்சமாயிற்று, 1961இல் 5.13 லட்சம். 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஹவுரா நகர அபிவிருத்திக் கழகம் ஏற்பட்டது. 1966இல் கல்கத்தாப் பெருநகர் முழுமைக்கும் ஓர் அடிப்படைத் திட்டம் வெளியாயிற்று. 1970க்குப் பின் ஒரு நல்ல மாறுதல் நேர்ந்தது. பஸ்திகளை இடித்து ஏழைகளைத் துரத்துவதை விட்டு, அவை இருக்கும் இடத்திலேயே குழாயும், கல்பாவிய நடையும், விளக்கும், சுகாதாரமான கழிவிடமும் தரலாயினர். வீடு மாறவில்லை, ஆனால் காலரா குறைந்தது. பெரிய திட்டங்கள் பலவற்றைவிட இச்சிறு திட்டம் ஏழைக்கு அதிகம் செய்தது என்றே நாம் மதிப்பிடுகின்றோம்.

1971இல் 7.38 லட்சமாயிருந்த மக்கள் தொகை 1981இல் 7.44 லட்சம் மட்டுமே. பத்தாண்டில் நூற்றுக்கு ஒருவர் வீதம்கூட ஏறவில்லை. 1966க்குப் பின் இரயில்வே வண்டிப் பெட்டிகளுக்கான உத்தரவுகள் குறைந்தன; சணலுக்கு மாற்றாகச் செயற்கை இழை வந்தது; பட்டறைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓய்ந்தன. 1991இன் 9.50 லட்சத்தை வளர்ச்சி என்று கொள்ளும்போது, 1984இல் மாநகராட்சி ஏற்பட்டு எல்லை விரிந்ததையும் சேர்த்து எண்ண வேண்டும். 2001இல் 10.07 லட்சம், 2011இல் 10.77 லட்சம். தேசியமயமான பர்ன் ஸ்டாண்டர்டு நிறுவனத்தை மூட 2018இல் மத்திய அமைச்சரவை முடிவு செய்தது. சென்னையில் பின்னி ஆலையின் நிலத்துக்கு நேர்ந்தது போலவே இங்கும் மூடிய ஆலைகளின் இடத்தில் அடுக்குமாடிகள் எழுகின்றன. ஆற்றங்கரையின் உயர்ந்த நிலம் அவற்றுக்கு. மேற்கே தாழ்ந்த நிலம் பழையவர்களுக்கு.

வழிகளோ மேன்மேலும் பெருகின. 1992இல் வித்யாசாகர் சேது திறந்தது. 2013இல் மாநிலத் தலைமைச் செயலகமே ரைட்டர்ஸ் மாளிகையை விட்டு இக்கரையிலுள்ள நபன்னா மாளிகைக்கு வந்தது. 2024 மார்ச்சில் ஹவுரா மைதானத்திலிருந்து எஸ்பிளனேடுக்கு ஆற்றின் அடியிலேயே மெட்ரோ வண்டி ஓடலாயிற்று. நதிக்குக் கீழுள்ள 520 மீட்டரை அது ஒரு நிமிடத்துக்குள் கடந்துவிடுகின்றது. அதனால் அன்றாடம் ஆயிரக்கணக்கானோர் நெரிசலின்றிப் போய்வருகின்றனர். அது சிறிய நன்மையன்று.

அதற்கடுத்த ஆண்டு, 2025 மார்ச்சில், நகரின் குப்பையெல்லாம் பல்லாண்டுகளாகக் குவிக்கப்பட்டு வந்த பெல்காச்சியா மேட்டருகே நிலம் வெடித்துப் பிளந்தது. குப்பைமேட்டின் அடிவாரத்தில் குடியிருந்தோரின் வீடுகள் விரிசல் கண்டன. பத்மபுகூர் நீர்நிலையத்திலிருந்து வரும் குழாய் உடைந்து வட ஹவுராவின் பல வட்டங்கள் குடிநீரின்றித் தவித்தன. வண்டிகளில் நீர் வந்தது. குடங்களுடன் மக்கள் வரிசையில் நின்றனர். தங்கள் வட்டத்து உறுப்பினரிடம் போய் முறையிடலாம் என்றால், அப்படி ஒருவரும் இல்லை. 2013இல் தேர்ந்தெடுக்கப்பட்ட மாநகராட்சி மன்றத்தின் காலம் 2018இல் முடிந்தபின், ஆறு ஆண்டுகளாகத் தேர்தல் நடக்கவில்லை. நியமனம் பெற்றவர்களே நகரத்தை நடத்தி வந்தார்கள்.